நம்பர் 32 மார்க் 3: பெசன்ட் நகர் பீரோவில் இருந்த ஒரு ஸ்னைப்பர் ஸ்கோப்பின் நிகழ்வு ஆய்வு

கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில், பெசன்ட் நகர் வீடு ஒன்றின் இரும்பு பீரோவில் பல ஆண்டுகள் கிடந்த பொருள் இது. பிரிட்டிஷ் ராணுவத்தின் நம்பர் 32 மார்க் 3 டெலஸ்கோப் சைட். கூடவே அதைத் துப்பாக்கியில் மாட்டும் இரும்பு பிராக்கெட்டும், ஸ்கோப் வைக்கும் தகர டப்பாவும் இருந்தன. துப்பாக்கி கிடையாது. அது ஏன் இருக்க வாய்ப்பில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

உரிமையாளரின் புகார்கள் மூன்று. கண்ணை வைத்தால் மோர் ஊற்றினாற்போல் மங்கல். பார்வை வட்டத்தில் குறுக்கே ஓட வேண்டிய மெல்லிய கம்பி ஒரு முனையில் அறுந்து தொங்குகிறது. மேலே உள்ள தூர டிரம், அதாவது சுடும் தூரத்துக்கு ஏற்பத் திருப்பி வைக்கும் குமிழ், 900-க்கும் 1000-க்கும் நடுவே இறுகி நிற்கிறது, எந்தப் பக்கமும் திரும்பவில்லை. முதல் புகாருக்குச் சென்னைக் காற்று காரணம். மற்ற இரண்டுக்கும் காரணம் ஓர் ஏர்கன், அதாவது காற்றுத் துப்பாக்கி.

நம்பர் 32 முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வரையப்பட்டது. பின்னர் லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளின் ஸ்னைப்பர் வடிவமான நம்பர் 4 (டி)-யில் ஏறியது. இரண்டாம் உலகப் போரில் அதற்கெனத் தேர்ந்தெடுத்த ரைஃபிள்களில் ஸ்கோப் பொருத்தித் தந்த வேலையில் பெரும்பகுதி லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் செய்தது. மொத்தம் 20,000-க்கு மேல். ஸ்கோப் 3 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 19 மி.மீ., பார்வைக் கோணம் 9 பாகை. இன்றைய ஏர்கன் ஸ்கோப்புகளின் 3-9x40 (3 முதல் 9 மடங்கு, 40 மி.மீ. முன் லென்ஸ்) கணக்கோடு ஒப்பிட்டால் சின்னதாகத் தோன்றும். ஆனால் 19-ஐ 3-ஆல் வகுத்தால் 6.3 மி.மீ. கண்ணுக்குள் இறங்கும் ஒளிவட்டத்தின் அளவு அது. அந்தி நேரத்தில் விரிந்த கண்மணிக்கு அநேகமாக முழுதாகப் போதும்.

கையில் எடுத்ததும் செய்யக்கூடிய முதல் சோதனையும் அதுதான். ஸ்கோப்பை ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி நீட்டி, கண் வைக்கும் முனைக்குப் பின்னால் ஒரு டிரேஸிங் தாளைப் பிடியுங்கள். முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் கூர்மையான சின்ன வட்டம் விழும். ஸ்கேலால் அளந்தால் ஏறக்குறைய 6.3 மி.மீ. வர வேண்டும். 4 மி.மீ. வந்தால் உள்ளே இருப்பது வேறு லென்ஸ், அல்லது வேறு ஸ்கோப்பின் உறுப்பு. இந்த ஸ்கோப்பில் அளவு சரியாக வந்தது, ஆனால் வட்டத்தின் விளிம்பு கலங்கியிருந்தது.

அடுத்து எழுத்துகள். குழாயின் மேல் பொறிப்பில் வகை, மார்க் (எத்தனையாவது வடிவம்), ஓ.எஸ். எண் (ராணுவக் குறியீட்டு எண்), தயாரிப்பாளர் சுருக்கம், ஆண்டு, வரிசை எண் இருக்கும். மார்க் 1-க்கு ஓ.எஸ். 466 ஏ, மார்க் 2-க்கு 1650 ஏ, மார்க் 3-க்கு 2039 ஏ. தயாரிப்பாளர்களில் அடிக்கடி கண்ணில் படுவது ஏ.கே. அண்ட் எஸ். என்ற லீட்ஸ் நகரத்து கெர்ஷா, எச்.பி.எம். கோ., கனடாவின் ஆர்.இ.எல். ஆகியவை. மார்க் 3 என்று போட்டு 1942 என்று ஆண்டு இருந்தால் உடனே கேள்வி கேட்க வேண்டும். பழைய எழுத்தை அடித்து மேலே புது எழுத்து பொறித்திருந்தால் பயப்பட வேண்டாம், ராணுவப் பட்டறையிலேயே மாற்றங்கள் நடந்திருக்கின்றன. அடித்த தழும்பே இல்லாமல் பொருந்தாத எழுத்து இருந்தால்தான் சிக்கல்.

போலிகளைப் பொறிப்பின் அடியிலேயே கண்டுபிடிக்கலாம். பத்து மடங்கு லூப்பில் பார்த்தால், அச்சைப் பின்பற்றிச் செதுக்கும் பழைய பான்டோகிராஃப் பொறிப்பில் கருவியின் முனை உலோகத்தை உழுது போன பள்ளம் தெரியும், ஓரத்தில் நுண்ணிய பிசிறு இருக்கும். லேசர் பொறிப்பின் அடி கருகிச் சொரசொரவென்று இருக்கும். முன் லென்ஸில் டியூப் லைட்டின் பிரதிபலிப்பையும் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சில்லாத கண்ணாடி. வெளிர் நீலமோ ஊதாவோ என்றால் அக்கால ஒற்றைப் பூச்சு. பளிச்சென்ற பச்சை என்றால் அது இக்காலத்துப் பல அடுக்குப் பூச்சு, 1944-இல் அதற்கு வேலையில்லை.

இந்தப் பொருளில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. பிராக்கெட்டில் இருந்த எண்தான் சுவாரசியமானது. நம்பர் 4 (டி) வழக்கப்படி பிராக்கெட்டில் ரைஃபிளின் எண்ணைப் பொறிப்பார்கள், ரைஃபிளின் கட்டையில் கைப்பிடிக் கழுத்தருகே ஸ்கோப்பின் எண்ணை அடிப்பார்கள். அதாவது ஜோடி சரியா என்று சொல்ல ரைஃபிள் கையில் வேண்டும். சென்னையில் சேகரிப்பாளர் கைக்கு அந்த ரைஃபிள் வராது. ஆகவே 'மேட்சிங் செட்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், எதனோடு மேட்சிங் என்று திருப்பிக் கேட்கலாம். அதேபோல், 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் வாங்கியது என்ற வரலாறு சென்னையின் பழைய பொருட்களில் பாதிக்குச் சொல்லப்படுகிறது. இதற்கும் அதுவே சொல்லப்பட்டது. பில் இல்லாத வரை அது கதைதான்.

இனி ஏர்கன். ஸ்கோப் சும்மா கிடக்கிறதே என்று .177 ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஓர் அடாப்டர் வழியாக அதை மாட்டி, வீட்டுக்குப் பின்னால் 10 மீட்டரில் சுட்டிருக்கிறார்கள். .303 ராணுவத் தோட்டாவின் உதையையே தாங்கிய ஸ்கோப்புக்கு இது எம்மாத்திரம் என்ற எண்ணம். அந்த எண்ணம்தான் கம்பியை அறுத்தது.

தோட்டாத் துப்பாக்கி ஒரே திசையில், பின்னோக்கி உதைக்கிறது. ஸ்கோப்புக்குள் லென்ஸ்களைப் பிடிக்கும் வளையங்களும், குறியையும் கம்பியையும் தாங்கும் ரெட்டிகிள் சட்டமும் அந்த ஒரு திசைக்காக அமைந்தவை. ஸ்பிரிங் ஏர்கன்னில் கனமான பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகர்கிறது. பிஸ்டன் சிலிண்டரின் முன்முனையில் மோதி நிற்கும்போது முழுத் துப்பாக்கியும் வெடுக்கென்று முன்னே இழுக்கப்படுகிறது. இந்த இரண்டாவது இழுப்பைப் பழைய ராணுவ ஸ்கோப் எதிர்பார்க்கவில்லை. எண்பது வயதுக் கம்பி முதலில் போகும், பிறகு ஒட்டிய லென்ஸ்களின் ஒட்டு விடும். கம்பி அறுந்ததோடு இங்கே நின்றது. அழுத்தக் காற்றில் இயங்கும் பி.சி.பி. ஏர்கன்னில் இந்த இரட்டை உதை இல்லை. அதற்காக அதில் மாட்டலாம் என்று சொல்லவில்லை.

டிரம் இறுகியதும் அதே பத்து மீட்டரால்தான். ஸ்கோப்பின் நடுக்கோடு குழலுக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டரில் ஏர்கன் குண்டான பெல்லட் இன்னும் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் இறங்கும். ஆக 6 செ.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டும். 10 மீட்டரில் 1 எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 2.9 மி.மீ. எனவே 20 எம்.ஓ.ஏ.க்கு மேல் தேவை. அடாப்டர் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தால் மீதியையும் அதுவே தின்றுவிடும். டிரம்மை முடியும் வரை திருப்பி, முடிந்த பிறகும் கொறடு போட்டுத் திருப்பியிருக்கிறார்கள். விளிம்பில் கொறடின் பல் தடம் இருந்தது. அந்த டிரம்மில் உள்ள 500, 600 எல்லாம் .303 மார்க் 7 தோட்டாவின் பாதைக்குக் கணக்கிட்ட கெஜ எண்கள். ஏர்கன் பெல்லட்டுக்கு அவை வெறும் எண்கள்.

இந்த ஸ்கோப்பில் டிரம்மைத் திருப்பினால் ரெட்டிகிள் கண்ணெதிரே இடம் மாறும். புதிய ஸ்கோப்புகளில் குறி எப்போதும் நடுவிலேயே இருப்பதுபோல் காட்டும் ஏற்பாடு இதில் இல்லை. ஆகவே குறியாக நிற்கும் கூர்முனைத் தூண் வட்டத்தின் ஓரத்தில் நிற்பதைப் பார்த்து ஸ்கோப் கெட்டுவிட்டது என்று திறந்துவிடக் கூடாது. டிரம்களைப் பாதிக்குக் கொண்டுவந்து பிறகு பார்க்க வேண்டும்.

மங்கலைத் திறக்காமலே பாதி கண்டறியலாம். சின்ன டார்ச்சை முன் லென்ஸுக்குச் சாய்வாகக் காட்டி, மறுமுனையிலிருந்து பாருங்கள். மரவேர் போல் கிளைத்த இழைகள் என்றால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. சீரான, சற்றே வண்ணம் காட்டும் படலம் என்றால் பழைய கிரீஸிலிருந்து ஆவியான எண்ணெய். லென்ஸின் விளிம்பிலிருந்து உள்ளே நாக்கு நீட்டியதுபோல் மினுக்கும் தீவுகள் என்றால் பால்சம் விட்டுவிட்டது. ஊசியிலை மரமொன்றின் பிசினான கனடா பால்சத்தால்தான் அக்காலத்தில் இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒரு லென்ஸாக ஒட்டினார்கள். அது விட்டால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. இந்த ஸ்கோப்பில் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. நல்ல காலம்.

ஃபங்கஸ் இருக்கிறது என்பதாலேயே திறக்க வேண்டியதில்லை. பார்வையின் ஓரத்தில் நாலு இழை என்றால் உலர்ந்த பெட்டியில் வைத்து வளர்ச்சியை நிறுத்தினால் போதும். சேகரிப்பாளர் கையில் பாழான ஸ்கோப்புகளில் ஃபங்கஸால் கெட்டதைவிடத் துடைத்துக் கெட்டது அதிகம். இங்கே கம்பி உள்ளே அறுந்து கிடந்ததால், எப்படியும் திறந்தாக வேண்டியிருந்தது.

திறப்பதற்கு முன் ஒவ்வொரு வளையத்தின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, குழாய்க்கும் வளையத்துக்கும் குறுக்கே ஒரே பென்சில் கோடு. வெர்னியரில் கண் முனை வெளியே நிற்கும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும், அரைச் சுற்று, கால் சுற்று உட்பட. லென்ஸ் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருந்ததோ அதே கோணத்தில் திரும்பாவிட்டால் ஒளி அச்சு விலகும். பிறகு டிரம் நடுவில் இருந்தாலும் குறி நடுவில் நிற்காது. இதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. மூடிய பிறகுதான் தெரியும்.

மரை இறுகியிருந்தால் பலம் கூடாது. உள்ளே மெழுகு போன்ற பழைய அடைப்பு காய்ந்து கல்லாகியிருக்கும். ஹேர் டிரையரால் உலோகத்தைக் கை பொறுக்கும் சூடு, அதாவது 50 பாகை செல்சியஸ் வரை மெல்லச் சூடாக்கி, இரு கால் உள்ள லென்ஸ் ஸ்பேனரைப் பள்ளங்களில் முழுதாக உட்கார வைத்துத் திருப்ப வேண்டும். அதற்கு மேல் சூடாக்கினால் பால்சம் இளகும். கடற்காற்றில் பித்தளை மரையில் ஏறிய பச்சைக் களிம்பை மரக்குச்சியால் சுரண்டி எடுக்கலாம். எலுமிச்சை, புளி போட்டுத் துலக்கும் வீட்டு வைத்தியம் குத்துவிளக்கோடு நிற்கட்டும். அமிலம் மரைக்குள் தங்கிவிடும்.

ஃபங்கஸைத் துடைக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடும் வீட்டு உபயோக அமோனியாவும் சமபங்கு, ஐந்து ஐந்து மில்லி, அப்போதைக்கப்போது கலந்தது. இந்த அமோனியா பக்கத்தில் ப்ளீச் வைக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு. லென்ஸை ஊறப்போடக் கூடாது. ஒட்டிய லென்ஸின் விளிம்பில் திரவம் ஏறினால் பால்சத்துக்கு ஆபத்து. லென்ஸ் டிஷ்யூவை நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சுழற்றி, ஒரு டிஷ்யூ ஒரு தடவைதான். பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியாக 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். பழைய பனியன் துணி வேண்டாம், கண்ணாடிக் கடையில் இலவசமாகத் தரும் துணியும் வேண்டாம்.

துடைத்த பிறகும் முன் லென்ஸின் உள்பக்கத்தில் வேர் வடிவம் ஒன்று மெலிதாக மிஞ்சியது. அது ஃபங்கஸ் இல்லை, அது விட்டுப்போன தழும்பு. ஃபங்கஸ் கக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும். சீரியம் ஆக்ஸைடு போட்டுத் தேய்த்தால் தழும்பு போகும், கூடவே லென்ஸின் வளைவும் போகும். அப்படியே விடப்பட்டது. கண்ணை வைத்தால் தெரியாது, டார்ச் அடித்தால் மட்டும் தெரியும்.

கம்பி வேலையில்தான் பொழுது போனது. ரெட்டிகிள் சட்டம் வெளியே வந்ததும் அதன்மேல் காற்றடிக்கும் புளோயரை நீட்டவே கூடாது. தூசி போவதற்கு முன் கம்பி போகும். மிஞ்சிய பழைய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே தடிமனில் டங்ஸ்டன் கம்பி எடுக்கப்பட்டது. சட்டத்தைவிட நீளமான கம்பியின் இரு முனையிலும் சின்ன மீன்தூண்டில் ஈயம் தொங்கவிட்டு, அதன் பாரத்திலேயே விறைப்பாகப் பழைய பள்ளத்தில் படுக்க வைத்து, முனைகளில் அரக்குக் கரைசல் ஒவ்வொரு துளி. முழுதாகக் காய ஒரு நாள். எபாக்ஸி இன்னும் உறுதியாகப் பிடிக்கும்தான், ஆனால் பின்னால் ஒருவர் திருத்த நினைத்தால் எடுக்க வராது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். இந்த வசதிதான் இதன் ஆபத்தும்: அடுத்தவர் விஷயம் தெரியாமல் ரெட்டிகிளை ஆல்கஹாலால் துடைத்தால் கம்பி கையோடு வரும். பழைய கம்பித் துண்டு சின்ன பிளாஸ்டிக் உறையில் போடப்பட்டது, எறியப்படவில்லை.

டிரம் சொன்னபடி கேட்டது. அடியில் காய்ந்த கிரீஸும் நெரிந்த மரையின் முதல் சுற்றும் இருந்தன. வெள்ளைப் பெட்ரோலில் கழுவி, மிக மெல்லிய புதுக் கிரீஸ். அதிகம் போட்டால் அடுத்த சித்திரையில் ஆவியாகிக் கண்ணாடியில் வந்து உட்காரும். மார்க் 1, மார்க் 2 டிரம்களைப் பூஜ்யப்படுத்த, அதாவது டிரம் எண்ணைக் குண்டு படும் இடத்தோடு ஒத்துப்போக வைக்க, தனிக் கருவி வேண்டும், மார்க் 3-க்கு அது தேவையில்லை. மார்க் 1-இல் குறியை இட வலமாக நகர்த்தும் பக்க டிரம்மின் ஒரு கிளிக் 2 எம்.ஓ.ஏ., மார்க் 2, 3-இல் 1 எம்.ஓ.ஏ.

கிளிக் சரியாக நகர்கிறதா என்று பார்க்கத் துப்பாக்கியோ மைதானமோ வேண்டாம். வீட்டுக்குள் நீண்ட தாழ்வாரம் ஒன்று போதும். மொட்டை மாடியிலிருந்து எதிர் வீட்டை நோக்கி இதை நீட்டினால் வரப்போகிறது வம்பு. 20 மீட்டரில் மி.மீ. தாள் ஒட்டி, ஸ்கோப்பை மரக்கட்டை இடுக்கியில் இறுக்கிப் பக்க டிரம்மைப் பத்து கிளிக் திருப்பினால் குறி 58 மி.மீ. நகர வேண்டும். இவ்வளவு கிட்டத்தில் கண் அசைந்தால் குறியும் அசைவதுபோல் தெரியும். தலையை ஓரிடத்தில் வைக்க முகவாய்க்கு ஒரு தாங்கல் கொடுங்கள். வலப்பக்கம் 58 வந்தது. திரும்ப இடப்பக்கம் வரும்போது 54. நாலு மி.மீ. மரையின் தேய்மானத்தால் வரும் லூஸ். ராணுவத்தில் பழகியவர்கள் தேவையான எண்ணைத் தாண்டிப் போய் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து திரும்பி வருவதன் காரணம் இதுதான். எண்பது ஆண்டுத் தேய்மானத்துக்கு 4 மி.மீ. அதிகமில்லை, அதைச் சரிசெய்யப் போகவில்லை.

ரஷ்ய பி.எஸ்.ஓ.-1 பற்றியும் சிலர் கேட்பதுண்டு, இந்திய ராணுவத்தின் டிராகுனோவ் ரைஃபிளில் இருப்பது அது என்பதால். 4 மடங்கு, 24 மி.மீ. முன் லென்ஸ், 6 பாகை. உள்ளே 1.7 மீட்டர் உயர ஆளை வைத்துத் தூரம் சொல்லும் வளைகோடு, மின்விளக்கு, நைட்ரஜன் நிரப்பல் எல்லாம் உண்டு. நைட்ரஜன் இருப்பதால் அதை வீட்டில் திறந்தால் கதை முடிந்தது. சென்னை வெயிலில் முதலில் போவது அதன் ரப்பர் கண்கவசம், அடுத்தது பேட்டரி கசிந்து அரிக்கும் தொடர்புத் தகடு.

சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின் வரையறையில் துப்பாக்கியின் பாகங்கள் வருகின்றன, சத்தத்தையும் தீப்பொறியையும் குறைக்கும் துணைக்கருவிகளும் வருகின்றன. டெலஸ்கோப் என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் .303 ராணுவத் தோட்டா பாயும் ரைஃபிள் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. எனவேதான் பெசன்ட் நகர் பீரோவில் ஸ்கோப் மட்டும் இருந்தது. உரிமத்தில் கிடைக்கும் .315 ரைஃபிள் பழைய லீ என்ஃபீல்டு வழி வந்தது என்றாலும், நம்பர் 4 (டி)-யில் பிராக்கெட்டைத் தாங்கும் பக்கத் திண்டுகள் அதில் இல்லை, பிராக்கெட் உட்காராது. .177 ஏர்கன் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை.

உண்மையான கவலை வேறிடத்தில். ராணுவச் சொத்து திருடுபோய்க் கை மாறியதாக இருந்தால், வாங்கியவருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு காத்திருக்கிறது. பிரிட்டிஷ் சொத்து முத்திரை அகன்ற அம்புக்குறி. முறைப்படி விற்றுக் கழித்தபோது, முனையோடு முனை முட்டும் இரண்டு அம்புகளாக அடிப்பார்கள். அது இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் வாங்கிய பில், ஏலச் சீட்டு, குடும்பத்தில் யாரிடமிருந்து வந்தது என்ற கையெழுத்துக் கடிதம், ஏதாவது ஒன்று டப்பாவோடு இருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கினால் சுங்கத்தில் இது பொம்மையாகவோ பைனாகுலராகவோ போகாது. ஆயுதத்தில் பொருத்தும் டெலஸ்கோப் 9013.10 என்ற வகைப்பாட்டில் பெயர் சொல்லியே வருகிறது. ஏஜென்ட் வேறு பெயரில் எழுதலாம் என்றால் ஏஜென்ட்டை மாற்றுங்கள். 100 ஆண்டு நிறையாததால் 1972 தொல்பொருள் சட்டம் இதைத் தொடாது.

பாதுகாப்புக்குத் தகர டப்பாவைத்தான் முதலில் விலக்க வேண்டியிருந்தது. உள்ளிருந்த பழைய மெத்தை ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது. பூச்சி வராமல் இருக்க யாரோ இரண்டு அந்துருண்டை வேறு போட்டிருந்தார்கள். அதன் ஆவி குளிர்ந்த கண்ணாடியில் படியும், எண்ணெய்ப் படலம் என்று நினைத்ததில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். டப்பா இப்போது தனியாக, திறந்தபடி. ஸ்கோப் ஐந்து லிட்டர் காற்றுப் புகாத சமையலறை டப்பாவில், 50 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல், ரிச்சி தெருவில் கிடைக்கும் சின்ன ஈரப்பத மீட்டரோடு. ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். 30-க்குக் கீழே இறக்கத் தேவையில்லை. ஜெல் நிறம் மாறினால் ஓவனில் 120 பாகையில் இரண்டு மணி நேரம்.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுப்பதாக இருந்தால், மூடிய ஜிப் உறையிலேயே ஒரு மணி நேரம் வெளியே கிடந்து சூடேற வேண்டும். ஆனி, ஆடியில் 22 பாகை அறையிலிருந்து நேரே வராந்தாவுக்கு வந்த கண்ணாடி சொட்டச் சொட்ட வியர்க்கும். நைட்ரஜன் இல்லாத இந்தக் குழாய்க்குள்ளும் அந்த ஈரம் போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுதும் டப்பாவுக்குள் மீட்டர் 43-க்கும் 48-க்கும் இடையே நின்றது, வெளியே 80-ஐத் தாண்டிய நாட்களிலும். தையில் டார்ச் அடித்துப் பார்த்ததில் பழைய தழும்பு அதே அளவில் இருந்தது, புது இழை இல்லை. டப்பாவின் மூடிக்குள் ஒட்டிய சீட்டில் நான்கு வரிகள் உள்ளன: திறந்த தேதி, கண் முனை அளவு, இடப்பக்கம் திருப்பினால் 4 மி.மீ. லூஸ், கம்பி அரக்கில் நிற்கிறது, ரெட்டிகிள்மேல் ஆல்கஹால் படக் கூடாது.